ஆட்டுக்குட்டியின் கண்

அன்று வீட்டில் இருந்தவர்கள் யார் யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் தம்பி மகன் ஆரோன். அவனுடைய நாற்பது நாள் பெண் குழந்தை. குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த பூவாத்தாள். நான், கிளாடிஸ், வயது எழுபத்தொன்று. வேறு யாரும் இல்லை. நம்பாதவர்கள் சோமனூர் வந்து மற்ற இருவரிடமும் கேட்டுக்கொள்ளலாம். பொய் சொல்வது எங்கள் குடும்பத்தில் வழக்கம் இல்லை.

எங்களிடம் ஒரு முறை உண்டு. ஞானஸ்நானத்துக்குப் போகும் குழந்தையை, பெற்றவள் கையால் பின்னிய துணியில் சுற்றித்தான் தூக்கிப் போவோம். ஆரோனின் மனைவி அருள்செல்வி ஏழாம் மாதமே குரோஷா பின்னும் கொக்கி ஊசியை எடுத்துவிட்டாள். கட்டம் போட்ட தாளில் ஓர் ஆட்டுக்குட்டிப் படம். கறுப்புக் கட்டம் வந்தால் நூலால் அடைக்க வேண்டும். வெள்ளைக் கட்டம் வந்தால் வெற்றாக விட வேண்டும். கீழிருந்து மேலாக, வரிசை வரிசையாகப் படம் எழும். கால்கள், வயிறு, கழுத்து வரை எழுந்திருந்தது. பிரசவமான மூன்றாம் நாள் ரத்தப்போக்கில் அவள் போய்விட்டாள். தலை பாக்கி. வரும் ஞாயிறன்று ஞானஸ்நானம் என்பதால் மீதியை நானே பின்ன உட்கார்ந்தேன்.

“கோயம்புத்தூர் டவுன்ஹால் கடைல ரெடிமேடாவே கெடைக்குதுங்க அத்தை. ஞாயித்துக்கெழமைக்குள்ள உங்களால முடியாதுங்க,” என்றான் ஆரோன்.

“பொறந்ததும் தாயைப் பறிகொடுத்துட்டா. தாய் பின்னுன துணியும் இல்லாமப் போகோணுமா? போய் வேலையப் பாரு.”

அருள்செல்வி இடக்கைக்காரி. அதனால் அவளுடைய ஆட்டுக்குட்டி, தாளில் இருப்பதற்கு எதிர்ப்பக்கம் பார்த்து நின்றது. அதைக் கவனிக்காமல் தாளில் உள்ளபடியே சில வரிசைகள் போட்டுவிட்டேன். பூவாத்தாள் எட்டிப் பார்த்தாள்.

“ஏனுங்கம்மா, குட்டி அது வாலையே கடிக்கப் போகுதுங்களா?”

பிரித்தேன். தாளைத் திருப்பி ஜன்னலில் ஒட்டி, வெளிச்சத்தில் பின்பக்கமாகப் பார்த்துப் போட்டேன்.

வியாழக்கிழமை பிற்பகல் முகத்துக்கு வந்தேன். முகம் முழுக்க அடைப்பு. நடுவில் ஒரே ஒரு கட்டம் மட்டும் வெற்று. அதுதான் கண். அந்த வரிசையை முடித்தேன். முன்னறையில் குழந்தை அழுதது. எழுந்து போனேன். ஆரோனும் பூவாத்தாளும் அங்கேதான் இருந்தார்கள். திரும்பி வந்து பார்த்தால்...

கண் அடைபட்டிருந்தது.

“யாரு இதைத் தொட்டது?”

“ஆருந் தொடலீங்கம்மா. நாங்க உங்க முன்னாலதானுங்களே இருந்தோம்?”

என் பிசகு என்று நினைத்தேன். அந்த வரிசையைப் பிரித்தேன். அப்போதுதான் தெரிந்தது. நூல் எதிர்முனையிலிருந்து கழன்று வந்தது. என் கை போட்ட வரிசை அப்படிக் கழலாது. இடக்கை போட்டால்தான் அப்படி வரும்.

மறுபடி போட்டேன். கண்ணை வெற்றாக விட்டேன். எல்லோரையும் நான் பின்னும் அறைக்கே வரச் சொல்லி உட்கார வைத்தேன். துணி என் மடியில்.

மணி 2.40. மின்சாரம் போனது. தெரு முழுக்க விசைத்தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. சடக்... சடக்... பிறகு அமைதி.

அந்த அமைதியில் நூல் இழுபடும் சத்தம்.

சரக்... சரக்...

ஊசி மேசையில் கிடந்தது. அசையவில்லை.

நூற்கண்டு கூடையில் உருண்டது.

பூவாத்தாள் மடியில் குழந்தை விழித்துக்கொண்டாள். சத்தம் வந்த பக்கம் தலையைத் திருப்பினாள். சிரித்தாள்.

“அருளு...” என்றான் ஆரோன்.

குனிந்து பார்த்தேன்.

கண் மூடியிருந்தது.

“தொறந்து உடு அம்மணி...” என்று கெஞ்சினேன். அதுவரை நான் யாரிடமும் கெஞ்சியதில்லை.

நூற்கண்டு நின்றது.

கண் திறக்கவில்லை.

அதன்பின் நான் பிரிக்கவில்லை. மேலே போட வேண்டிய வரிசைகளை முடித்தேன். ஞாயிறன்று அந்தத் துணியில் சுற்றித்தான் குழந்தையைத் தூக்கிப் போனோம். இளவேனில் என்று பெயர் வைத்தோம்.

மூன்றாம் மாதம் கோயம்புத்தூரில் ஒரு கண் மருத்துவர் அவள் கண்களில் டார்ச் அடித்துப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். பிறவியிலேயே பார்வை இல்லை என்றார். அன்றுவரை எங்களில் எவருக்கும் அது தெரியாது.

பார்வையில்லாத பிள்ளை என்பதால் அவளை எங்கோ விடுதியில் விட்டுவிட்டோம் என்று ஊருக்குள் ஒரு பேச்சு இருக்கிறது. அது பொய். இளவேனில் எங்கள் வீட்டில்தான் வளர்கிறாள்.