மூட்டையை எடுக்க மாட்டோம்

போடிமெட்டு ஏற்றத்தில் அந்தப் பாறைமேல் அரிசி மூட்டையைத் தள்ளியதும் கழுத்துக்குள் நறுக்கென்று ஒரு சத்தம் கேட்கும்... அப்புறம்தான் மூச்சே வரும்.

ஐம்பதுகளில் ஏலக்காய் எஸ்டேட்டுக்கு அரிசி எங்கள் தலையில்தான் ஏறியது. எனக்கு அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. தலைச்சுமையை இறக்க ஒரு ஆள் வேண்டும், திரும்பத் தூக்கிவிட ஒரு ஆள் வேண்டும். அந்தப் பாறையில் மட்டும் யாரும் வேண்டாம்.

கறுப்பும் வெள்ளையுமாக அடுக்கடுக்கான பாறை அது. நடுவே காக்காப்பொன் மினுங்கும் அடுக்கு மட்டும் நகத்தால் சுரண்டினாலே உதிரும். மழை அதைக் கரைத்துக் கரைத்து, அடியிலிருந்த கெட்டிக் கல் எங்கள் தலை உயரத்துக்குப் பலகை போல நீட்டிக்கொண்டிருந்தது.

ஒருநாள் போனால், பாறையில் சுண்ணாம்பால் பெரிய பெருக்கல் குறி. ரோடு போட வந்த மேஸ்திரி வெடி வைக்க நிற்கிறார்.

எங்களில் மூத்தவள் மாரியக்கா. நேராகப் போய்த் தன் மூட்டையைப் பாறைமேல் வைத்தாள். பின்னாலேயே நாங்களும் வைத்தோம்.

"மூட்டைய எடுங்க ஆத்தா, வெரசா. ரோட்டுக்கு ஜல்லி வேணும்ல... ஜீப்பு வந்துட்டா ஒங்களுக்குச் சொமையே இல்ல," என்றார் மேஸ்திரி.

"ஜீப்பு வர்ற வரைக்கும் நீங்க வந்து தூக்கிவிடுவீகளா அண்ணே?" என்றாள் மாரியக்கா. "எடுக்க மாட்டோம். வெடி வச்சா எஸ்டேட்டு அரிசிதான் பறக்கும். மொதலாளிக்கு நீங்களே சொல்லிக்கங்க."

வேலை போய்விடும். அரிசி மேலே போகாவிட்டால் எங்கள் அடுப்பும்தான் எரியாது. ஆனாலும் எடுக்கவில்லை.

பொழுது சாய்வதற்குள், அரிசி வரவில்லையே என்று எஸ்டேட் கங்காணி மூச்சிரைக்க இறங்கி வந்தார். எங்களைத் திட்டினார். பிறகு மேஸ்திரியைத் திட்டினார்.

"அந்தச் சுண்ணாம்ப அழிச்சாத்தான் எடுப்போம்," என்றேன் நான். எந்தத் தைரியத்தில் சொன்னேனோ, இன்றும் தெரியவில்லை. மேஸ்திரி துண்டை நனைத்து அவரே அழித்தார். ஜல்லிக்கு வேறு பாறை பார்த்துக்கொண்டார்கள்.

ஜீப்பும் வந்தது... பல வருஷம் கழித்து. அதுவரை எங்களுக்குக் கைகொடுத்தது அந்தக் கல்தான்.

போன மாதம் மகனோடு காரில் போனேன். பாறை பக்கத்தில் 'இயற்கையின் அதிசயம்' என்று போர்டு வைத்திருக்கிறார்கள். இயற்கைதான் செய்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது இன்னும் நிற்பது எங்களால். மாரியக்கா இப்போது இல்லை. போர்டில் அவள் பேரும் இல்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

என் கைப்பையைக் கொண்டுபோய்க் கல்மேல் வைத்தேன். அன்றைக்குத் தலைக்கு நேராக இருந்த கல்... இப்போது எக்கித்தான் வைக்க முடிந்தது.

போட்டோ எடுத்துக்கொண்டிருந்த பையன், "பாட்டி, பைய எடுங்க, போட்டோல விழுது," என்றான்.

"எடுக்க மாட்டேன் அப்பு," என்றேன்.