பெயர் மாற்றிக் கூப்பிட்ட கார்

நம் வீட்டுக் கார் தன் நான்கு சக்கரங்களுக்கும் மனதுக்குள் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறது. அந்தப் பெயர்களை அது மாற்றிக் கூப்பிட்ட கதையைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன். பெரியவளுக்குக் கொஞ்சம் நினைவிருக்கலாம். சின்னவளுக்கு அப்போது காதே குத்தவில்லை.

கார் கம்பெனியில் கதவு விளிம்புக்குப் பீடிங் என்கிற ரப்பர் பட்டை போடுகிற லைனில் நான் இருக்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். எத்தனையோ கார்களின் கதவுகள் என் கைபட்டுப் போயிருக்கின்றன. கதவைத் திறந்து உட்கார்ந்து இது நம்முடையது என்று சொல்ல முடிந்தது இந்தப் பழைய வண்டியில்தான். வாங்கிய புதிதில் வேலை முடிந்து வந்ததும் சாவி போட்டு, எங்கேயும் போகாமல் கொஞ்ச நேரம் உள்ளே உட்கார்ந்திருப்பேன். சின்னவளுக்குக் குன்றத்தூர் மலையில் காது குத்துவதாகப் பேச்சு. உங்கள் அம்மா ஊரிலிருந்து, தென்காசிப் பக்கமிருந்து, எல்லோரும் வருவதாக இருந்தார்கள். நம் காரில் நாம் நான்கு பேரும் போய் இறங்க வேண்டும் என்பது எனக்கு ஆசை. வேறு எதையும் நான் அப்படி ஆசைப்பட்டதாக நினைவில்லை.

அப்போதுதான் மீட்டரில் அந்த மஞ்சள் விளக்கு வந்தது. குதிரை லாடம் மாதிரி ஒரு படம், நடுவில் ஒரு ஆச்சரியக்குறி. டயரில் காற்று குறைகிறது என்று அதற்கு அர்த்தம்.

ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும், காற்றடிக்கிற வாய்க்கு உள்பக்கம், சின்னதாக ஒரு சென்சார் இருக்கிறது. அதற்குக் கம்பி கிடையாது. உள்ளே எவ்வளவு காற்று என்று ரேடியோ மாதிரி காருக்குச் சொல்லும். வண்டி நின்றால் அது தூங்கிவிடும். ஓடும்போது விழித்துக்கொள்ளும். காற்று சட்டென்று இறங்கினால் மட்டும் நின்ற இடத்திலேயே திடுக்கிட்டு விழிக்கும். இருட்டில், காற்றுக்குள், யாரும் பார்க்காத இடத்தில் ஒன்று தூங்கி விழித்துக்கொண்டிருக்கிறது என்பதை முதலில் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

பின்பக்கம் இடது சக்கரம் குறைவு என்று கார் காட்டியது. பெட்ரோல் பங்கில் அதற்குக் காற்று அடித்தேன். மறுநாளும் அதே சக்கரம் குறைவு என்றது. மறுபடி அடித்தேன். கார் சொல்கிறது, நான் செய்கிறேன். மற்ற மூன்றையும் பார்க்கவேண்டும் என்று தோன்றவே இல்லை. நாம் நான்கு பேரும் பங்குக்குப் போன அன்று காற்றடிக்கிற ஆள் குழாயை மாட்டிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா சார், பலூனா ஊதிகினுகீற? ஏற்கெனவே ஓவரா கீது. இன்னும் அடிச்சா வெடிச்சுடும்."

வெடிச்சுடும் என்ற சொல் பின் சீட்டில் இருந்த உங்கள் அம்மா காதில் விழுந்தது. கதவைத் திறந்தாள். உங்கள் இருவரையும் இறக்கிக்கொண்டு, எதிரில் வந்த ஷேர் ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள்.

அவள் வேலை டயர் கம்பெனியில். வெந்து வருகிற டயரைச் சுழலவிட்டு உள்ளங்கையால் தடவிப் பார்க்கிற இடம். ஒரு டயருக்குள் என்னென்ன தப்பாகலாம் என்று நாளெல்லாம் தேடுகிறவள்.

"வெளக்கு எரிஞ்சிட்டுக் கெடக்கு. அது அணையட்டும், அப்பொறம் ஏறுதேன். பிள்ளையளும் ஏறாது. குன்றத்தூருக்கு வேன் பேசிருங்க" என்றாள், நான் வீட்டுக்கு வந்ததும்.

"நம்ம வண்டி இருக்கசொல்ல வேன் எதுக்கு?"

"நம்ம வண்டி நிக்கட்டும். நல்லாத்தான நிக்கி."

அந்த வாரம் முழுக்க வண்டி வாசலில் நின்றது. வேலைக்கு நான் கம்பெனி பஸ்ஸில் போய்வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவளே வந்து, கூடுதலாக அடித்த காற்றையாவது முதலில் இறக்குங்கள் என்றாள். நிற்கிற வண்டியில் உட்கார அவளுக்கு மறுப்பில்லை. முன் சீட்டில் உட்கார்ந்து, மீட்டரில் எண் இறங்குவதைப் பார்த்துச் சொல்வதாக ஏற்பாடு. நான் பின்பக்கம் இடது சக்கரத்தருகே குந்தி, மூடியைக் கழற்றி, சாவி முனையால் ஊசியை அழுத்தினேன். உஸ்ஸென்று ரப்பர் வாசனையோடு காற்று முகத்தில் அடித்தது.

"இறங்குதா?"

"இல்லியே. அப்பிடியே நிக்கி."

"நல்லா பாரு."

"பாத்துட்டுத்தான் இருக்கேன். ஏங்க, முன்னாடி வலது பக்கம்லா கொறையுது. நீங்க எங்க இருக்கீய?"

"பின்னாடிதான் கீறேன்."

"வண்டி நீங்க முன்னாடி இருக்கீயன்னு சொல்லுது."

எழுந்து போய் முன்பக்கம் வலது சக்கரத்தில் லேசாக அழுத்தினேன். இப்போது பின்பக்கம் இடது குறைகிறது என்றாள். அதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. அதற்கு முந்தின மாதம் ஒரு பட்டறையில், தேய்மானம் சமமாக இருக்கட்டும் என்று டயர்களைக் குறுக்கே மாற்றிப் போட்டிருந்தார்கள். சக்கரம் இடம் மாறியது காருக்குத் தெரியாது. அது பழைய இடத்தை வைத்தே கூப்பிட்டுக்கொண்டிருந்தது. காற்று இல்லாமல் கிடந்தது முன்பக்கம் வலது. நானோ பாவப்பட்ட பின் சக்கரத்துக்கு ஊட்டிக்கொண்டே இருந்தேன்.

உங்கள் அம்மா ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துச் சிரித்தாள். அவளும் அப்படித்தானே. பெரியவள் பாலைக் கொட்டினால் சின்னவள் பெயரைச் சொல்லிக் கத்துவாள். தொட்டிலில் கிடப்பது பெயரைக் கேட்டு விழித்து அழும்.

"பாரு, இதுவும் உன்ன மாதிரிதான்" என்றேன்.

"நானாவது பிள்ளையப் பாத்தா திருத்திக்கிடுவேன்" என்றாள். ஆனால் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அதைப் பார்த்ததும் சிரிப்பு போய், வண்டியிலிருந்து இறங்கிவிட்டாள்.

பஞ்சர் கடை நம் தெருமுனையில். நான் வண்டியை மெல்ல உருட்டிக்கொண்டு போனேன். அவள் சின்னவளை இடுப்பில் வைத்துக்கொண்டு, பெரியவளைக் கையில் பிடித்துக்கொண்டு தேருக்குப் பின்னால் வருகிற மாதிரி நடந்து வந்தாள். எதிர்வீட்டு அண்ணன் கயிற்றுக் கட்டிலில் படுத்தபடியே குரல் கொடுத்தார்.

"இன்னாபா, காரு வாங்கியும் வூட்டுக்காரம்மாவ நடக்க வுட்டுகினு போற?"

"வாக்கிங் போறாங்கண்ணா" என்றேன். கண்ணாடியில் பார்த்தேன். அவள் முகத்தில் அசைவில்லை.

கடைக்காரர் சக்கரத்தைக் கழற்றி, சோப்புத் தண்ணீர் ஊற்றினார். ஓரிடத்தில் சின்னச் சின்னக் குமிழிகள் வந்து வந்து உடைந்தன. குறடால் இழுத்ததும் இரும்புச் சுருள் ஒன்று வந்தது. லேத் பட்டறைகளில் கடைசல் பிடிக்கும்போது உரிந்து விழுமே, அது. வெயிலில் நீலமாக மின்னியது.

"இந்த ரோட்டுல ஆணி கம்மி, இதான் ஜாஸ்தி" என்றார். ஓட்டையை அடைத்து, சக்கரத்தை மாட்டி, நான்கு சக்கரத்துக்கும் அளவாகக் காற்று வைத்தார். சாவி போட்டுப் பார்த்தேன். விளக்கு அப்படியே எரிந்தது. கார் சக்கரங்களைப் பெயர் மாற்றிச் சொல்வதையும் அவரிடம் சொன்னேன்.

"வண்டி நிக்கசொல்ல உள்ள கீற சென்சாரு தூங்கிகினு கீதுபா. பழசையே காட்டும். ரோட்ல உட்டு கொஞ்ச தூரம் வேகமா ஓட்டு, முழிச்சிக்கும், தானா அணைஞ்சிடும். பேரு மாத்தி சொல்றத சர்வீஸ்ல கம்ப்யூட்டர் போட்டு சரி பண்ணிக்கோ."

நான் உங்கள் அம்மாவைப் பார்த்தேன். அணைந்தால்தான் ஏறுவேன் என்கிறாள். ஓடினால்தான் அணையும் என்கிறது வண்டி. தனியாகப் போய் அணைத்துக்கொண்டு வருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் சின்னவளை என்னிடம் கொடுத்துவிட்டுச் சக்கரத்தின் முன் குந்தினாள். உள்ளங்கையை டயரின் மேல் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, கை எட்டியவரை மெல்லத் தடவிக்கொண்டு வந்தாள். அடைத்த இடத்தில் விரல் நின்றது. எழுந்து கையைச் சேலையில் துடைத்தாள். பெரியவளைப் பின்னால் ஏற்றி, சின்னவளை வாங்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். மஞ்சள் விளக்கு எங்கள் இரண்டு பேர் முகத்துக்கும் நேராக எரிந்தது.

ஒரகடம் ரோட்டை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பார்க்க வேண்டும். அவ்வளவு அகலமான ரோட்டில் ஆளே இருக்காது. கம்பெனி பஸ்கள் ஓரமாகக் கண்மூடி நிற்கும். வெளிச்சம் நீர்த்த டீயின் நிறத்தில் எல்லாவற்றின் மேலும் பரவியிருந்தது. ஏரிப் பக்கமிருந்து வந்த கொக்குகள் கிரேன்களுக்கு மேலே பறந்து, எந்தச் சத்தமும் இல்லாமல் எங்களோடு கொஞ்ச தூரம் வந்தன. வேலிக்கு அந்தப் பக்கம் புதுக் கார்கள் வெள்ளை பிளாஸ்டிக் போர்த்திக்கொண்டு வரிசை வரிசையாக, முடிவே இல்லாமல் நின்றன. இன்னும் யார் வீட்டுக்கும் போகாத வண்டிகள். அத்தனை சக்கரங்களுக்குள்ளும் ஒவ்வொன்று தூங்குகிறது என்று நினைத்தேன். சத்தமாகப் பேசினால் எழுந்துவிடும் போல இருந்தது. நம் சக்கரங்கள் மட்டும் விழித்து, ஒன்றையொன்று மாற்றிக் கூப்பிட்டபடி ஓடின.

எத்தனை தூரம் என்று நான் பார்க்கவில்லை. ஒரு வளைவில் உங்கள் அம்மாவின் தலை என் தோள் பக்கம் சாய்ந்தது. முந்தின இரவு அவளுக்கு நைட் ஷிஃப்ட். வாய் லேசாகத் திறந்திருந்தது. மடியில் சின்னவளும், பின்னால் பெரியவளும் தூங்கிவிட்டீர்கள். நான் உங்கள் மூவரையும் ஒரு தடவை பார்த்துவிட்டு மீட்டரைப் பார்த்தேன். விளக்கு இல்லை. எப்போது அணைந்தது என்று தெரியவில்லை. அது எரிந்துகொண்டிருக்கும்போதே அவள் தூங்கிப்போனாள் என்பது மட்டும் எனக்குத் தெரியும். எழுப்பிச் சொல்ல மனம் வரவில்லை. திரும்ப வேண்டிய இடத்திலும் திரும்பாமல் நேராகவே போனேன்.

சிங்கப்பெருமாள் கோயில் சிக்னலில் வண்டி நின்றதும் அவள் கண் திறந்தாள். மீட்டரைப் பார்க்கவில்லை. எதிரே திருச்சிப் பக்கம் போகிற பஸ்களைப் பார்த்தாள்.

"வலது பக்கம் திரும்புனா எங்க ஊருதான?" என்றாள், தூக்கக் குரலில்.

"ஆமா."

"இப்பிடியே போயிருவமா?"

"நாளைக்குக் காலைல எனக்கு ஏ ஷிஃப்ட்டு."

"தெரியும். சும்மா கேட்டேன்."

சிக்னல் பச்சைக்கு மாறியது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். எந்தப் பக்கத்து இண்டிகேட்டரையும் போடாமல் நான் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன்.