விடை தெரிந்த கேள்விகள்

“நேத்து என்ன கறி?” “எட்டேழு எத்தின?” “கண்ணாடிய எங்க வெச்சிட்டு வந்த?” மகளின் தலையில் அடிபட்ட பிறகு நான் அவளோடு பேசிய பேச்செல்லாம் கேள்வியாகவே இருந்தது. காலையில் பல் துலக்கிவிட்டு வருகிறவளை வாசலிலேயே மறித்து இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்பேன். சரியாகச் சொன்னால் அடுத்ததைக் கேட்பேன். பிழையாகச் சொன்னால் குசினிக்குள் போய் அடுப்படியில் மறைவாக நின்று அழுவேன்.

நோன்பு தொடங்குவதற்குச் சற்று முன்னர்தான் அது நடந்தது. டியூசன் முடிந்து ஓட்டோவில் வந்துகொண்டிருந்தாள். பிரதான வீதியில் கட்டாக்காலி மாடு ஒன்று குறுக்கே பாய, ஓட்டோ புரண்டு, இவளுடைய தலை பக்கத்து இரும்புக் கம்பியில் மோதியிருக்கிறது. நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து, “உம்மா, நான் ஏன் இஞ்ச இரிக்கன்?” என்று கேட்டாள். பதில் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் அதையே திரும்பவும் கேட்டாள். இன்றைக்கும் வீதியில் ஹோன் சத்தம் பலமாகக் கேட்டால் அந்தக் கேள்விதான் என் காதில் விழுகிறது.

ஸ்கேன் எடுத்துப் பார்த்த டொக்டர், இரத்தக் கசிவு எதுவும் இல்லை, மூளை நன்றாகக் குலுங்கியிருக்கிறது, கொஞ்சக் காலத்துக்கு மறதியும் கவனக் குறைவும் இருக்கும் என்றார். பெரும்பாலும் தானாகவே சரிவரும், வாசிப்பை மெல்ல மெல்லத் தொடங்கட்டும், அவசரப்படுத்தாதீர்கள் என்றும் சொன்னார். எனக்கு மறதி என்ற சொல் மட்டும்தான் கேட்டது. மகள் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறவள். அதைவிட, ஒரு பாடத்தை ஒரு தரம் சொன்னால் பிடித்துக்கொள்கிறவள். அந்தப் பிள்ளை திரும்பி வருவாளா என்பதுதான் என் பயம்.

நான் கணிதம் படிப்பிக்கிறவள். பயம் வந்தால் எனக்குத் தெரிந்த ஒரே வழி சோதித்துப் பார்ப்பது. ஒரு பக்கத்தை வாசிக்கவைத்துப் புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்பேன். பாதியில் நின்றுவிடுவாள். நெற்றியைத் தடவுவாள்.

“நீங்க கேக்கக்குள்ளதான் உம்மா எல்லாம் ஓடிப்போகுது.”

“கேக்காட்டி மட்டும் நிண்டிருமா?”

கடையால் வந்த அவளுடைய வாப்பா இதைக் கேட்டுவிட்டார். “ஸ்கூல்ல எடுக்கிற டெஸ்ட் காணாதெண்டு வீட்டயும் தொடங்கிட்டியா? புள்ளய உடு,” என்றார். நான் விடவில்லை. வேலை எதையும் அவளிடம் கொடுப்பதையும் நிறுத்திவிட்டேன். தேங்காய் துருவக் கொடுத்தால் மறந்துபோய்க் கையை வெட்டிக்கொள்வாள், பக்கத்து வீட்டுக்கு ஏதும் கொடுத்தனுப்பினால் வேறு வீட்டில் கொடுத்துவிட்டு வருவாள் என்று நானே முடிவு செய்திருந்தேன். மருந்து குடிப்பதால் அவளுக்கு நோன்பும் இல்லை. பின்னேரங்களில் குசினி வாசலில் ஒரு கதிரையைப் போட்டு, சும்மா உட்கார்ந்திருப்பாள்.

எங்கள் பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிற டீச்சர் ஒருவர் பாண்டிருப்பில் இருந்து வருகிறவர். நோன்பு காலத்தில் ஒரு நாள் அவருக்கென்று இறைச்சி போடாத கஞ்சியும் மரக்கறி ரோல்சும் செய்து கொடுப்பது எங்கள் இருவருக்கும் பழகிப்போனது. தீபாவளிக்கு அவர் வீட்டு முறுக்கு எங்களுக்கு வரும். டீச்சர் மாட்டிறைச்சி தொடமாட்டார். அதனால் என் குசினியில் ஓர் ஒழுங்கு உண்டு. இறைச்சி வைத்தது உருளையாக இருக்கும், மரக்கறி வைத்தது முக்கோணமாக இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும் பிழைக்காது.

அன்று பிழைத்தது. ஒரு கண் மாவிலும் மறு கண் வாசல் கதிரையிலும் இருந்ததால் எல்லாவற்றையும் உருளையாகவே உருட்டி, பாண் தூளில் பிரட்டிப் பொரித்தும்விட்டேன். பொரித்த பிறகுதான் கவனித்தேன். பரவாயில்லை, எண்ணெய் வடியப் போட்டதில் மரக்கறி வைத்தது ஜன்னல் பக்கத்துச் சல்லடையில், இறைச்சி அடுப்புப் பக்கத்துச் சல்லடையில் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அசர் தொழுதுவிட்டு வந்து, ஜன்னல் பக்கத்தில் இருந்தவற்றை எடுத்து டீச்சரின் பெட்டியில் அடுக்கத் தொடங்கினேன்.

“உம்மா, அத டீச்சருக்கு வெக்காதீங்க. அது இறைச்சி.”

கதிரையில் இருந்தபடியே சொன்னாள்.

“உனக்கென்னெண்டு தெரியும்?”

“கஞ்சிப் பானைய இறக்கக்குள்ள எடம் காணாம சல்லடை ரெண்டையும் மாத்தி வெச்சீங்களே. பொறகு அப்பிடியே உட்டுட்டுத் தொழப் போனீங்க.”

எனக்கு அப்படி ஒரு நினைவே இல்லை. பானையை இறக்கியது நினைவிருந்தது, அந்த நேரம் அவள் நெற்றியைத் தடவுகிறாளா என்று திரும்பிப் பார்த்ததும் நினைவிருந்தது. சல்லடையைத் தொட்டதாகச் சத்தியமாகத் தெரியவில்லை. பிள்ளை குழம்பிப்போய்ச் சொல்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். வெளியே டீச்சரின் ஸ்கூட்டி ஹோன் அடித்தது. தூக்கிவாரிப்போட்டது. பெட்டியின் மூடி கையில், இறைச்சியோ மரக்கறியோ தெரியாமல் நிற்கிறேன். பிட்டுப் பார்க்கவும் தோன்றவில்லை, வாயில் வைத்துப் பார்க்க எனக்கு நோன்பு.

“நான்தானே நோன்பில்ல. கடிச்சிப் பாக்கன், தாங்க.”

எழுந்து வந்து பெட்டியில் இருந்து ஒன்றை எடுத்துக் கடித்தாள். மென்றாள். மீதிப் பாதியை என் கண்ணுக்கு நேரே நீட்டினாள். கொத்திய இறைச்சி.

அதற்குள் டீச்சர் உள்ளே வந்துவிட்டார். “என்ன டீச்சர், பேயறஞ்ச மாதிரி நிக்கிறீங்க?”

மகள்தான் நடந்ததைச் சொன்னாள், ஒன்றையும் விடாமல், வரிசை குழம்பாமல். டீச்சர் கேட்டுவிட்டு அவளுடைய தலையை மெல்லத் தொட்டார்.

“அப்ப அந்த மாடு ஓட்டோவப் புரட்டினது காணாதெண்டு, என்ட வயித்துக்குள்ளயும் வரப் பாத்திச்சா?”

மகள் சிரித்தாள். அடிபட்ட பிறகு அவள் சத்தமாகச் சிரித்து நான் கேட்டது அப்போதுதான்.

மரக்கறி ரோல்சையும் கஞ்சியையும் வாங்கிக்கொண்டு டீச்சர் போன பிறகு அடுப்படியில் நின்று யோசித்தேன். அவளுடைய கவனம் எங்கும் போய்விடவில்லை. நான் கேள்வி கேட்டபோது மட்டும் அது வரவில்லை. ஏன் என்று எனக்கு இப்போது நன்றாகத் தெரியும். நான் கேட்டவை எல்லாம் எனக்கு விடை தெரிந்த கேள்விகள். எட்டேழு எத்தனை என்று தெரியாமலா கேட்டேன்? கேட்கிறவளுக்கு விடை தேவையில்லை, பிள்ளை பிழை விடுகிறாளா என்று பார்ப்பதுதான் தேவை. அது பிள்ளைக்கு விளங்கும். அவளுடைய மனம் அப்போது விடையைத் தேடுவதை விட்டுவிட்டு என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். யாரும் ஒன்றும் கேட்காத அந்தக் கதிரையில் அதே மனம் சல்லடை மாறியதைப் பிடித்து வைத்திருந்தது. என் மனமோ அவளைக் காவல் காப்பதிலேயே முழுதாகச் செலவாகி, தன் கை செய்ததைக்கூடக் காணவில்லை. கவனம் ஒரு பானைத் தண்ணீர் மாதிரி. பயத்துக்கு அவ்வளவையும் ஊற்றிவிட்டால் வேலைக்கு மிஞ்சாது. வகுப்பில் நடுங்கிக்கொண்டு நிற்கும் பிள்ளைகளை இத்தனை வருடம் பார்த்தும், இதை என் வீட்டுக்குள் அறிந்துகொள்ள ஒரு ரோல்ஸ் தேவைப்பட்டது.

நோன்பு திறக்கும் மஃரிபுக்கு இன்னும் சற்று நேரம் இருந்தது. மகள் திரும்பவும் கதிரைக்குப் போய்விட்டாள். எங்கள் கஞ்சி கொதித்து அடங்கியிருந்தது. அகப்பையால் கிண்டிப் பார்த்தேன். உப்புப் போட்டேனா, இல்லையா? சல்லடைபோலவே இதுவும் நினைவில் இல்லை. நோன்பு திறக்க உட்காரும்வரை இதை அறிய எனக்கு வழியும் இல்லை. இத்தனை நாளும் வீட்டில் நோன்பில்லாத ஓர் ஆள் குசினி வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். நேற்று என்ன கறி என்று கேட்டேனே தவிர, இன்றைய கஞ்சிக்கு உப்புக் காணுமா என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

“மகள், இதுக்கு உப்புப் பாத்துச் சொல்லேன். எனக்குத் தெரியல்ல.”

சட்டென்று திரும்பிப் பார்த்தாள். இதுவும் சோதனையோ என்று தேடுகிற பார்வை. என் முகத்தில் என்ன கண்டாளோ, எழுந்து வந்து ஒரு கரண்டி அள்ளி ஊதிக் குடித்தாள்.

“உப்பே இல்ல உம்மா. வாப்பா குடிச்சிருந்தா ஊரக் கூட்டியிருப்பார்.”

“எவ்வளவு போடலாம்?”

அதற்கும் எனக்கு விடை தெரியாது. பானையையும் தன் உள்ளங்கையையும் மாறி மாறிப் பார்த்து அளந்து, உப்பைப் போட்டுக் கிண்டினாள். திரும்பவும் ருசி பார்த்தாள். இன்னும் ஒரு சிட்டிகை போட்டாள்.

பரீட்சை எழுதுவாளா என்று தெரியவில்லை. புத்தகத்தின் முன்னால் இன்னும் சீக்கிரம் களைத்துப் போகிறாள், சில சொற்களுக்கு நின்று தேடுகிறாள். ஹோன் சத்தம் கேட்டால் நான் இன்னும் வாசலுக்கு ஓடிப்போய்ப் பார்க்கிறேன். ஆனால் அன்று பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழத்தைத் தின்றுவிட்டுக் கஞ்சியைக் குடித்து முடித்த அவளுடைய வாப்பா, கோப்பையை இரண்டாம் தரம் நீட்டினார். யார் உப்புப் போட்டது என்று அவர் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை.