நாலு தரம் பிடுங்க வைத்த ஆங்கர்

என் இடது கையில் நடுவிரலும் மோதிர விரலும் மடங்காது. மடுல்கெல்லயில், ஒரு தேயிலைத் தோட்டத்துச் சரிவில், மண் துளைக்கும் மெசின் சறுக்கி வந்து அந்த விரல்களைப் பாறையோடு சேர்த்து நசுக்கியது. அதற்குக் காரணமானவனை ஏழு வருஷம் நான் மறக்கவில்லை. மறக்க முயலவும் இல்லை.

அப்போது நான் கண்டியில் ஒரு மண் பரிசோதனைக் கம்பனியில் டெக்னீசியன். கட்டடம் எழும்புமுன் நிலத்தைத் துளைத்து, அடியில் என்ன மண் இருக்கிறது என்று பார்ப்பது எங்கள் வேலை. மெசின் தண்டைக் கீழே அழுத்தும்போது நிலம் இடம் கொடுக்காவிட்டால் மெசினே மேலே கிளம்பிவிடும். அதனால்தான் நாலு மூலையிலும் ஆங்கர் போட்டுக் கட்டுகிறோம். இறுகிய செம்மண்ணில் இரும்பு ஆங்கரைத் திருகி இறக்கினால் போதும். பாறையென்றால் ஓட்டை போட்டு, சீமெந்து ஊற்றிப் பதிக்க வேண்டும். கெலிஓயாப் பக்கத்து வயல் சேற்றில் தண்டுக்கு மேல் தண்டு பூட்டி ஆழத்துக்குப் போக வேண்டும். சரிந்து குவிந்த மண்தான் மோசம், அது எதையும் பிடிக்காது. அதில் குழி வெட்டி, மரக்கட்டையைக் குறுக்கே புதைத்து, அந்தக் கட்டையில்தான் மெசினைக் கட்ட வேண்டும். அரை நாள் போய்விடும்.

மடுல்கெல்லச் சரிவு முந்திய மழையில் இடிந்து வந்த மண். கீழ்ப்பக்கத்து இரண்டு ஆங்கரும் பிடிப்பில்லாமல் என் வெறுங்கைக்கே சுழன்றன. கட்டை புதைக்க வேண்டும் என்று மேற்பார்வையாளனிடம் சொன்னேன். நான் பிறந்த தோட்டத்துக்கு அடுத்த தோட்டத்தில் பிறந்தவன், இருபது வருஷ அனுபவம். முகத்துக்கு நேரே அவனை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். கட்டை புதைத்துக்கொண்டிருந்தால் மத்தியானத்துக்குள் முடியாது என்று சொல்லி மெசினை ஓட்டச் சொன்னான். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. இரண்டு ஆங்கரும் முள்ளங்கி மாதிரி உருவிக்கொண்டு வந்தன.

ஆஸ்பத்திரிக்கு ஒரு பை திராட்சையோடு வந்து, கதிரையை இழுத்துப் போட்டு, என் அம்மாவுக்கு ஆறுதல் சொன்னான். அடுத்த வாரம் ரிப்போர்ட்டில், ஆங்கர் போட்டது நான்தான், இறுக்கிப் பார்க்காமல் விட்டுவிட்டேன் என்று எழுதிக் கொடுத்திருந்தான். கட்டு அவிழ்க்குமுன்னே என் வேலை போனது.

போன வருஷம் கலகெதரயில் ஒரு மலைச்சரிவில் தடுப்புச் சுவர் கட்டும் வேலை. வேலை போன பிறகு பரீட்சை எழுதி, கட்டட வேலைகளைச் சரிபார்க்கும் அலுவலகத்தில் சேர்ந்திருந்தேன்; அங்கே மேற்பார்வை அதிகாரி நான். துளை போட, சொந்த மெசினோடு வந்து இறங்கியது அவன். தலைமுடி நரைத்திருந்தது. என்னை மிஸ் என்று கூப்பிட்டான். நான் ஃபைலை வாங்கக் கையை நீட்டியபோது விரல்களைப் பார்த்தான். அதற்குப் பிறகு என் முகத்தைப் பார்க்கவில்லை.

துளைக்குமுன் ஒவ்வொரு ஆங்கரையும் செயின் புளொக் என்ற சங்கிலிக் கப்பியில் மாட்டி இழுத்துப் பார்க்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் உண்டு. யாரும் அதைப் பெரிதாகப் பார்ப்பதில்லை. நான் பார்த்தேன். அந்த இடத்தில் பாதி, ரோட்டு வெட்டிய மண்ணைக் கொட்டி நிரப்பியது. முதல் தரம் இரண்டு ஆங்கர் வழுகின, பிடுங்கச் சொன்னேன். இரண்டாம் தரம் ஒன்று வழுகியது, அதையும் பிடுங்கச் சொன்னேன். மூன்றாம் தரம் அவனே குழியில் இறங்கிக் கட்டை புதைத்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. இழுத்தபோது இழுவை காட்டும் மீட்டரின் முள் ஏறி, இறங்காமல் நின்றது. வேலை சரி. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

போதாது, பிடுங்குங்கள் என்றேன்.

நாலாம் தரமும் முள் நின்றது. போதாது என்றேன். அவன் குழியிலிருந்து ஏறி வந்தான்.

"தங்கச்சி, மடுல்கெல்லய மனசுல வச்சுக்கிட்டா இப்படிச் செய்றீங்க?"

"ஆமாண்ணே."

இல்லை என்று நான் மழுப்புவேன் என்று எதிர்பார்த்திருப்பான். என்ன செய்ய வேண்டும் என்று கேட்டான்.

"அன்னைக்கு நடந்தத எழுதித் தாங்க. உங்க கையால."

டீசல் கேன் மேல் உட்கார்ந்து எழுதினான். நான் எச்சரித்தது, அவன் கேட்காதது, பிறகு பொய் எழுதியது, எல்லாம். தாளில் அவன் விரல் மண் அப்பியிருந்தது. கையெழுத்து வாங்கிய பிறகுதான் அவனுடைய ஆங்கர் சோதனைப் படிவத்தில் என் கையெழுத்தைப் போட்டேன். நான் செய்தது முறை இல்லை. இன்னொருவர் எனக்கு இதைச் செய்திருந்தால் மேலிடத்துக்குப் போயிருப்பேன். ஆனாலும் அன்றைக்கு மத்தியானம் சோறு ருசியாக இறங்கியது.

அந்தத் தாளோடு கண்டிக்குப் போய், என்னை வேலையை விட்டு நிறுத்திய பழைய இஞ்சினியரைப் பார்த்தேன். நிதானமாக வாசித்து, மடித்து, திருப்பிக் கொடுத்தார்.

"எனக்கு அண்டைக்கே தெரியும், பிள்ளை. அவனை அனுப்பினா மெசின் ஓட்ட ஆளில்லை. உன்னை அனுப்பலாம்."

தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னார். அது வருமுன் எழும்பிவிட்டேன். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். குழிக்குள் நின்ற அந்த மனிதன்மேல் எனக்கு இரக்கம் வரவில்லை. அவனுக்கென்று வைத்திருந்த கோபம்தான் கையில் மிச்சமில்லை. முழுவதும் அந்த இஞ்சினியரின் மேசைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டது.

அவருடைய கம்பனி ரிப்போர்ட்டுகள் என் அலுவலகத்துக்கு இன்னும் வருகின்றன. போன மாதம் ஒன்றில் ஆங்கர் இழுத்துப் பார்த்த படிவம் இல்லை. திருப்பி அனுப்பி, மறுபடி துளைக்கச் சொன்னேன். அவரே ஃபோன் எடுத்து, கொஞ்சம் பார்த்துச் செய்யச் சொன்னார். பார்த்துத்தான் செய்கிறேன் என்றேன். புது ரிப்போர்ட் நேற்று வந்தது. படிவம் இருக்கிறது, எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. இரண்டு தரம் வாசித்துவிட்டேன். இன்னும் கையெழுத்துப் போடவில்லை.