பீலிக்குச் சொல்லாத கனவு

பொகவந்தலாவைப் பக்கம், லோஜினி பிறந்து வளர்ந்த தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், ஒரு வழக்கம் உண்டு. கெட்ட கனவு கண்டால் மனுசரிடம் வாய் திறக்கக் கூடாது. மலையிலிருந்து வந்து கொட்டும் பீலித் தண்ணீரிடம் சொல்லிவிட்டு முகம் கழுவ வேண்டும். தண்ணீர் அதைக் கொண்டுபோய்விடும்.

அந்தப் பழக்கம் கல்வியியற் கல்லூரி விடுதி வரைக்கும் கூடவே வந்துவிட்டது. உளவியல் பாடத்துக்காக ஒரு மாதம் கனவுகளை எழுதச் சொன்னார் கணேசமூர்த்தி சேர். இவளோ எழுந்ததும் குளியலறைக் குழாயைத் திறந்து, கண்டதையெல்லாம் அதனிடம் ஒப்பித்துவிட்டு வந்துதான் கொப்பியைத் திறப்பாள். ஒன்றும் ஞாபகத்தில் நிற்காது. கடைசியில் கடலில் நீந்தியதாக அளந்துவிட்டாள். கடலையே பார்த்திராத பிள்ளை!

"இது சுத்தப் புளுகு," என்று சேர் சிரித்துவிட்டார். "பலன் பார்க்கவா சொன்னேன்? முகம் கழுவ முந்தியே எழுதுங்க, போதும்."

தண்ணீரோடு போக வேண்டியதைத் தாளில் நிறுத்திவைக்கிறோமே என்று பயமாக இருந்தது. ஆனாலும் எழுதினாள்.

கொப்பியை ஒப்படைப்பதற்கு முதல் நாள் உட்கார்ந்து ஒன்றாக வாசித்தாள். அம்மா ஒற்றைக் கையால் கொழுந்து பறிக்கிறாள், இடது கை. அம்மா ரொட்டி தட்டுகிறாள், இடது கை. அம்மா வந்த ஏழு கனவிலும் அதே இடது கை. அம்மா யோகேஸ்வரி வலக்கைக்காரி.

அப்போதுதான் உறைத்தது. போன லீவில் அம்மா தேத்தண்ணிக் கேத்தலைத் தூக்கியது இடது கையால். தலை சீவியதும் இடது கையால். இவள் எதிரே உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தாள். கண் பார்த்திருக்கிறது, இவள்தான் பார்க்கவில்லை. வெட்கமாகப் போய்விட்டது.

வெள்ளிக்கிழமையே பஸ் ஏறினாள். வளைவுக்கு வளைவு அழுகை வந்தது. பொகவந்தலாவையில் இறங்கும்போது, படிப்பை நிறுத்திவிட்டு அம்மாவுக்குப் பதில் தானே கொழுந்து பறிக்க மலைக்குப் போவதென்று முடிவு கட்டியிருந்தாள்.

"அம்மா, வலது கையத் தூக்குங்க."

கை தோளுக்கு மேல் ஏறவில்லை.

"எத்தன நாளா?"

"தீவாளிக்கு முந்தி இருந்தே."

"ஏம்மா சொல்லல?"

யோகேஸ்வரி அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "சொன்னா நீ படிப்ப விட்டுட்டு வந்துருவ. கனவும் அப்பிடியேதான் வருது. என் கூடைய மாட்டிக்கிட்டு, காலையில பேர் கூப்புடுற பெரட்டுல நிக்கிற. தெனமும் பீலிக்குச் சொல்லிட்டுத்தான் மலைக்குப் போறேன், அது பலிச்சிரக் கூடாதுன்னு."

லோஜினி எழுந்து அடுப்பிலிருந்த கேத்தலைத் தானே இறக்கிவைத்தாள். 

விடிந்ததும் அம்மாவுக்கு முன்னால் பீலிக்குப் போனாள். பஸ்ஸில் எடுத்த முடிவைத் தண்ணீரிடம் சொல்லி முகம் கழுவினாள். திரும்பி வந்தபோது அம்மா கூடையை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"கூடைய வைங்க. இன்னைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறோம். திங்கக்கெழம நான் கொலேஜுக்குப் போறேன்."