நீலச் சட்டைக்காரி ஜெயிப்பாள் என்று நான் சொன்னது

எங்கள் தோப்புக்கு அடுத்த தரிசில் சர்க்கஸ் கூடாரம் போட்ட வருடம் எது என்று கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியாது. எழுபதுகளில் ஒரு வருடம். என் பெரிய பையன் நடக்கத் தொடங்கியிருந்தான், சின்னவன் பிறக்கவில்லை. மாமனார் இறந்து இரண்டு மாங்காய்க் காலம் போயிருந்தது. அவ்வளவு போதும். வருடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறோம்?

நான் இரண்டாம் வகுப்புக்கு மேல் போகாதவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன், அதனால் மெதுவாகத்தான் வரும். ஆனால் ஒரு மாமரத்தின் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் அதில் எத்தனை கூடை காய் இறங்கும் என்று சொல்லிவிடுவேன். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுதத்தான் நினைத்தேன். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

நாங்கள் இருக்கும் முதலமடைப் பக்கம் அப்போதெல்லாம் காயைப் பறித்து நிறுத்து விற்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. காய் எலுமிச்சை அளவுக்கு வந்ததும் வியாபாரி வருவார். மரத்தில் இருக்கும்போதே மொத்தத் தோப்பையும் பேசி முடிப்பது. அதற்காக வீட்டு ஆள் ஒருவர் வியாபாரியோடு தோப்பைச் சுற்றி வந்து, இன்ன மரத்தில் இவ்வளவு என்று மதிப்புச் சொல்ல வேண்டும். அவர் வாயில் வந்ததுதான் பேச்சு. வீட்டில் வேறு யாரும் குறுக்கே பேசக் கூடாது.

மாமனார் இருந்தவரை என்னையும் கூட்டிப் போவார். ஒவ்வொரு மரத்தடியிலும், "அம்மிணி, இதுக்கு என்ன சொல்ற?" என்பார். நான் சொன்னதையே உரக்கச் சொல்லுவார். அவர் போன பிறகு மச்சாண்டார், அதாவது நான் மாமா என்று கூப்பிடுகிற என் வீட்டுக்காரரின் அண்ணன், அந்த வேலையை எடுத்துக்கொண்டார். பொம்பளை தோப்புக்குள் நடந்து மதிப்புச் சொன்னால் வியாபாரி சிரிப்பாராம். இரண்டு வருடமும் மச்சாண்டார் குறைத்துச் சொன்னார். வியாபாரி சிரிக்கத்தான் செய்தார், லாரியில் காய் ஏற்றும்போது.

அந்த இரண்டு வருடமும் தோப்புக்குள் அவர்கள் நடக்கிற நேரத்தில் நான் அடுப்படியில் இருந்தேன். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, சர்க்கஸுக்கு வருகிறேன். யானை உண்டு, ஊஞ்சல் உண்டு, கிழட்டுச் சிங்கம் ஒன்றும் உண்டு. ஆனால் ஜீப்பில் ஒலிபெருக்கி வைத்துக் கத்தியதெல்லாம் வேறு ஒன்றைப் பற்றி. ஜப்பான் நாட்டிலிருந்து வந்த பெண்கள் குஸ்தி போடுவார்களாம். தினமும் மத்தியான ஆட்டத்தின் கடைசியில் குஸ்தி. ஞாயிற்றுக்கிழமை இறுதிப் போட்டி, ஜெயித்தவளுக்கு வெள்ளிக் கோப்பை.

ஊரில் அதற்குப் பிறகு வேறு பேச்சில்லை. அவர்கள் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. போட்டிருந்த சட்டையின் நிறத்தை வைத்துத்தான் அடையாளம். சிவப்புச் சட்டைக்காரி தேக்கு மரம் மாதிரி இருப்பாள். நீலச் சட்டைக்காரி ஒல்லி. பச்சை, மஞ்சள் என்று இன்னும் சிலர்.

முதல் நாள் பார்த்துவிட்டு வந்து ராத்திரி சாப்பாட்டில் உட்கார்ந்ததும் மச்சாண்டார் முடிவே சொல்லிவிட்டார்.

"செவப்புத்தான். அவ தொடையப் பாத்தீங்களா? சந்தையில நின்னா முன்னத்தி மாட்டுக்கு அப்பறம் அவதான்."

"ஏம்ப்பா, பொம்பளைங்கள மாட்டோட சேத்துப் பேசற?" என்றார் மாமியார்.

மாமியாருக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்து வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் தெரியும். ஆனாலும் ஒரு ஆட்டம் விடாமல் வந்தார். பக்கத்தில் உட்கார்ந்து நடப்பதைச் சொல்வது என் வேலை. "என்ன உடுத்திருக்காளுங்க அம்மிணி?" என்று முதல் நாளே கேட்டார். உள்ளதைச் சொன்னால் எழுந்து போய்விடுவார், நானும் கூடப் போக வேண்டியிருக்கும். "முழுக்கைச் சட்டைங்க அத்தை. கீழ பாவாடை. கணுக்கால் வரைக்கும்" என்று சொல்லிவிட்டேன். "நல்ல குடும்பத்துப் புள்ளைங்களாட்டம் இருக்குது" என்று அவருக்கு அன்று முதல் அவர்கள் மேல் ஒரு பிரியம்.

அந்தச் சாப்பாட்டில் நான் ஒரு வார்த்தைதான் சொன்னேன். "தொடையப் பாத்து எப்படிங்க மாமா சொல்ல முடியும்? பூவப் பாத்துக் காயச் சொல்றாப்பல இருக்குது."

எந்த இடத்தில் குத்தியது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. கை சோற்றோடு நின்றது.

"அப்படியா? அப்ப நீ சொல்லு, எவ ஜெயிப்பான்னு. நீ சொன்னவ ஜெயிச்சா இந்த வருசம் தோப்புக்கு நீயே போ. நான் களத்துல உக்காந்துக்கறேன். செவப்பு ஜெயிச்சா, இனி ஒருக்காலும் தோப்புப் பேச்ச எடுக்கக் கூடாது. சரியா?"

"பாத்துட்டுச் சொல்றனுங்க மாமா" என்றேன். என் வீட்டுக்காரர் குழம்பு ஊற்றச் சொல்லித் தட்டைத் தட்டினார். அண்ணனுக்கும் எனக்கும் பேச்சு வந்தால் அவருக்கு எப்போதும் குழம்பு வேண்டியிருக்கும்.

அடுத்த நாளிலிருந்து நான் பார்த்தேன். நீலச் சட்டைக்காரி தினமும் தோற்றாள். பச்சையிடம் தோற்றாள், மஞ்சளிடம் தோற்றாள், சிவப்புக்காரி அவளைத் தலைக்கு மேல் தூக்கிப் பலகையில் போட்டபோது ஊரே "ஐயோ" என்றது. ஒவ்வொரு தடவையும் எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். அவளுக்காக மாமியார் வீட்டுக்கு வந்து ஒருபாடு புலம்புவார். களைக்கு வந்த பெண்கள் வரப்பில் உட்கார்ந்து, "அந்த ஒல்லிப் புள்ளைக்கு ஒரு நாளைக்காச்சும் கெடைக்காதா" என்றார்கள். தரகர் ஒருவர் கூட அப்படியே சொன்னார்.

கூடாரத்துக்குத் தண்ணீர் எங்கள் மோட்டார் கிணற்றிலிருந்துதான். ஒரு காலையில் வாழைக்கு மடை மாற்றப் போனேன். தொட்டியடியில் ஜப்பான் பெண்கள் குளித்துத் துவைத்துக்கொண்டிருந்தார்கள். சிவப்புக்காரி, அந்தத் தேக்கு மரம், நீலத்துக்காரிக்கு முதுகு தேய்த்துவிடுகிறாள். நேற்று அவளைத் தூக்கி எறிந்தவள்! சோப்பு கண்ணில் போனதற்கு அவள் கத்த, இவள் சிரிக்கிறாள். அப்புறம் துவைகல்லில் உட்கார்ந்து சிவப்புக்காரி ஊசியும் நூலும் எடுத்தாள். மடியில் புதுச் சட்டை. நீலச் சட்டை. கழுத்தைச் சுற்றித் தங்க ஜரிகை வைத்துத் தைக்கிறாள்.

நான் மண்வெட்டியை ஊன்றி நின்றுவிட்டேன். கல்யாண வீட்டுக்குள் போகிறோம், பொண்ணு யார் என்று யாரையாவது கேட்கிறோமா? யாருக்குப் புதுத்துணி தைக்கிறார்களோ அவள்தான் பொண்ணு. தினமும் தோற்கிறவளுக்கு எதற்கு ஜரிகை வைத்த சட்டை? ஊரே அவளுக்காக அழுதுகொண்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் சந்தோஷமாக வீட்டுக்கு அனுப்ப வேண்டாமா? கூத்து கட்டுகிறவர்களுக்கு இது தெரியாதா என்ன?

அன்றைக்கே சொன்னேன். "நீலம்."

மச்சாண்டாருக்குச் சிரிப்பில் புரை ஏறிவிட்டது. என் வீட்டுக்காரர் பின்கட்டுக்கு வந்து மெல்லக் கேட்டார். "ஏம்புள்ள, தெரிஞ்சுதான் சொல்றியா? அவ இறுதிப் போட்டிக்கே வர மாட்டா. செவப்பும் மஞ்சளுமில்ல போறாங்க?"

"மஞ்சளுக்குக் கால் சுளுக்கும் பாருங்க."

"உனக்கு எப்படித் தெரீம்?"

"சுளுக்குமுங்க."

சனிக்கிழமை மத்தியானம் மஞ்சள் சட்டைக்காரி நொண்டிக்கொண்டே வந்து கும்பிட்டாள். அவளுக்குப் பதிலாக நீலம் மோதும் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, கட்டிக்கொண்டு வந்த நாளில்கூட அப்படிப் பார்த்ததில்லை. கொஞ்சம் பயந்துவிட்டார் என்றே நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை முன் வரிசை நாற்காலி. மாமியார் நடுவில், கையில் ஊன்றிக்கொள்ளக் குடை. ஒரு பக்கம் நான், மறுபக்கம் மச்சாண்டார். நீலம் வந்தாள், கழுத்தில் ஜரிகை மினுங்கியது. எனக்கு வயிறு குளிர்ந்தது.

மணி அடித்தது. கொஞ்ச நேரத்துக்கெல்லாம் சிவப்பு அவளைப் பந்தாடிவிட்டாள். ஜரிகையை நம்பி வாயை விட்டுவிட்டோமோ? ஒருவேளை அது தோற்றவளைச் சமாதானப்படுத்தத் தைத்த சட்டையோ?

"என்னம்மிணி, ஒண்ணுஞ் சொல்ல மாட்டீங்கற?"

"அடிக்கறாளுங்க அத்தை."

"யாரு யாரை?"

"செவப்பு. நீலத்தோட முடியப் புடிச்சு இழுக்கறாளுங்க."

"முடியவா?" மாமியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பொம்பளப் புள்ளைக்கு முடியில கை வெக்கலாமா? நடுவுல ஒருத்தன் நிக்கறான்னியே, அவன் என்ன பண்றான்?"

"அவுரு முதுகைக் காட்டிட்டு நிக்கறாருங்க. பட்டனப் போட்டுக்கிட்டு."

"பட்டனா!"

"அம்மா, நீ சும்மா உக்காரு. அது அப்படித்தான்" என்றார் மச்சாண்டார் உற்சாகமாக. "இனி ஒரு போடுதான். முடிஞ்சுது."

அப்போது நீலம் மேடையைச் சுற்றிக் கட்டிய கயிற்றடியில், எங்கள் பக்கம் வந்து விழுந்தாள். ஜப்பான் மொழியில் ஏதோ சொல்லி அழுதாள். எங்களுக்கு ஒரு எழுத்து புரியாவிட்டாலும், அம்மா என்று கூப்பிடுகிற மாதிரிதான் இருந்தது. சிவப்பு கயிற்றோரம் ஒரு காலை ஊன்றி, ஜனங்களைப் பார்த்துக் கையை விரித்துச் சிரித்தாள்.

"அந்தச் செவப்பு எங்கம்மிணி நிக்கறா?"

"நமக்கு நேராத்தானுங்க. கால் கயித்துக்கு வெளிய..."

நான் முடிக்கவில்லை. மாமியார் எழுந்துவிட்டார். வெளிச்சமும் நிழலுமாக எதைக் கண்டாரோ, குடையைத் திருப்பிப் பிடித்து வளைந்த கைப்பிடியால் கணுக்காலில் ஒரு போடு போட்டார். "ஏண்டி, பாவாடை கட்டுன பொம்பளைதான நீ? பெத்தவ பக்கத்துல இல்லைங்கற தைரியமா?"

சிவப்புக்காரி திடுக்கிட்டுத் திரும்பிக் கீழே பார்த்தாள். அவ்வளவுதான் சமயம். நீலம் பின்னாலிருந்து அவள் இடுப்பைப் பிடித்து உருட்டி மேலே உட்கார்ந்தாள். பட்டன் போட்டுக்கொண்டிருந்த நடுவர் படுத்துப் பலகையில் கையால் அறைந்து மூன்று எண்ணினார். மணி அடித்தது. கூடாரத்துத் துணி பறந்துவிடும் போலக் கூச்சல். களைக்கு வரும் பெண்கள் துண்டைச் சுழற்றினார்கள்.

சிவப்புக்காரி எழுந்து கணுக்காலைத் தடவிக்கொண்டாள். எங்கள் பக்கம் வந்தாள். நான் மாமியாருக்குக் குறுக்கே நின்றேன். அவள் கை இரண்டையும் தொடையில் வைத்து, இடுப்பு மடியக் குனிந்து மாமியாருக்கு ஒரு வணக்கம் போட்டாள்.

"என்ன பண்றா?"

"கும்படறாளுங்க அத்தை."

"ம். புத்தி வந்துருச்சு. நல்லா இருக்கட்டும்."

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் சண்டை. "அது செல்லாது" என்றார் மச்சாண்டார். "அம்மா அடிக்காம இருந்திருந்தா செவப்புத்தான் ஜெயிச்சிருப்பா. சின்னப் புள்ளையக் கேட்டாலும் சொல்லும்."

"கோப்பைய யாரு கையிலங்க மாமா குடுத்தாங்க?"

"கோப்பைய உடு. ஜெயிச்சது நீலமில்ல. ஜெயிச்சது எங்கம்மா!"

மாமியார் வரப்பில் நின்றார். நாங்களும் நின்றோம்.

"சாமி, இப்ப என்ன சொன்ன?"

"நீதான் ஜெயிச்சேன்னேன்."

"அப்பத் தோப்புக்கு நான் போறேன்."

"அம்மா! உனக்குக் கண்ணு..."

"ஜெயிச்சவங்க போறதுன்னு நீதான சொன்ன? சோத்துல கை வெச்சுட்டுச் சொன்ன. எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது." குடையால் தரையைத் தட்டினார். "அம்மிணி, கையப் புடி. இருட்டறதுக்குள்ள ஊட்டுக்குப் போலாம்."

வியாபாரி வந்த அன்று மாமியார் வெளுத்த சேலை கட்டி, குடையோடு தோப்புக்குள் நடந்தார். மறு கை என் தோளில். பின்னால் வியாபாரி, அவருக்குப் பின்னால் மச்சாண்டார். முதல் மரத்தடியில் நின்றோம். மாமியார் அண்ணாந்து பார்க்கிற மாதிரி முகத்தைத் தூக்கினார்.

"என்ன உடுத்திருக்குது அம்மிணி?" என்றார் எனக்கு மட்டும் கேட்கும்படி.

எனக்குச் சிரிப்பு முட்டியது. அந்த முழுக்கைச் சட்டையை அவர் ஒரு நாளும் நம்பவில்லை போலிருக்கிறது. இந்தத் தடவை உள்ளதைத்தான் சொன்னேன். தெற்குக் கிளை நிறைய, உச்சியில் கொஞ்சம் கொட்டிப்போயிருக்கிறது, பத்துக் கூடைக்குக் குறையாது என்று. மாமியார் அதை ஒலிபெருக்கி ஜீப் மாதிரி தோப்பு முழுக்கக் கேட்கச் சொன்னார். மரத்துக்கு மரம் அப்படியே.

பாதித் தோப்பு தாண்டியதும் வியாபாரி பொறுக்கமாட்டாமல், "அம்மா, இதுல அத்தனை வராதுங்க. உங்களுக்குக் கண்ணு..." என்று இழுத்தார்.

மாமியார் குடையை மெல்லத் திருப்பிப் பிடித்தார். கைப்பிடி முன்னால் வந்தது.

மச்சாண்டார் ஓடிவந்து வியாபாரியின் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். "பேசாம ஒத்துக்குங்க. ஜப்பான்காரியே ஒத்துக்கிட்டு கும்பிட்டுட்டுப் போனா."