குழாய் காட்ட நிற்பவர்கள்

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் தண்ணீர்க் குழாய் மண்ணுக்கடியில் எப்படிப் போகிறது என்பது புதைத்தவருக்குத்தான் தெரியும். அதனால் பொக்லைன் மண் தோண்டும்போது தோப்புக்காரரே கூட நடந்து, குனிந்து, கை நீட்டிக் காட்டுவார். அப்படி நிற்காத தோப்புக்காரரை அக்கறையில்லாத ஆள் என்பார்கள்.

என் மகன் பொக்லைன் ஓட்டுகிறவன். போன மழைக்கு முன்னால் பக்கத்துத் தோப்புக்காரர், அவன் மாமா என்று கூப்பிடுகிறவர், வாய்க்கால் வெட்ட அவனை அழைத்தார். முன்னால் நின்று காட்டிக்கொண்டிருந்தவர், குழாய் எங்கே திரும்புகிறது என்று பார்க்க வண்டிக்குப் பின்னால் போயிருக்கிறார். அது தெரியாமல், மண்ணைக் கொட்ட இவன் வண்டியின் மேல்பாகத்தைச் சுழற்றினான். பின்பக்கத்து இரும்புக்கும் தென்னைக்கும் நடுவில் அவர் அகப்பட்டுக்கொண்டார். சத்தம் கேட்டு நான் ஓடியபோது, மகன் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "மாமா, கண்ணத் தொறங்க மாமா" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே அவர் போய்விட்டார்.

மாதக்கணக்கில் இவன் வண்டி ஏறவில்லை. இனி ஏறவே கூடாது என்று நான் வேண்டிக்கொண்டேன். ஆனால் அவனுக்கு வேறு வேலை தெரியாது. கடைசியில் பெருமாட்டியில் ஒரு தோப்புக்குக் கிளம்பினான். மனசு கேட்காமல் நானும் போய் வேலியோரம் நின்றேன்.

அந்தத் தோப்புக்காரரும் மண் அள்ளும் பக்கெட்டை ஒட்டி வந்து நின்றார். அவன் இன்ஜினை அணைத்துச் சாவியை உருவிக்கொண்டான்.

"என்ன தம்பி, அதுக்குள்ள டீ கேக்குதா?"

"நீங்க வேலிக்கு அந்தப்பக்கம் போயிட்டா ஓட்டறனுங்க. குழா போற எடத்துல சுண்ணாம்புக் கோடு மட்டும் போட்டுக் குடுங்க."

"சுண்ணாம்பா? கல்யாண ஊட்டுக்குக் கோலமா போடறோம்? நாங் காட்டாம பைப்பு ஒடஞ்சா, மரத்துக்கெல்லாம் நீயா கொடத்துல ஊத்துவ?"

"பைப்பு ஒடஞ்சா ஒட்டிக்கலாமுங்க."

அவர் என் பக்கம் திரும்பினார். "ஏனுங்க, பையன ஊட்டுலயே வெச்சுக்குங்க. பயந்தவனுக்கு இது ஆவாது."

அப்போதே வண்டி முதலாளிக்குப் போன் செய்து வேறு ஓட்டுநரைக் கேட்டார். மகன் சாவியைக் கொடுத்துவிட்டு இறங்கி வந்தான். இருவரும் பஸ் ஏறி வீடு வந்தோம். வேலை போனதில் எனக்குள் ஒரு நிம்மதி இருந்தது.

மறுநாள் காலை அவனைக் காணவில்லை. என்னென்னவோ நினைத்துப் பதறிப்போய் ஊரெல்லாம் தேடிவிட்டு, அந்தத் தோப்புக்கே போனேன். வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். உள்ளே புது ஓட்டுநர் வண்டியை ஓட்ட, தோப்புக்காரர் கூடவே நடந்து கை காட்டிக்கொண்டிருந்தார். வண்டி திரும்பும்போதெல்லாம் என் மகன், "பின்னால ஆளு, பின்னால ஆளு" என்று கத்தினான். இன்ஜின் சத்தத்தில் அவர்களுக்குக் கேட்கவில்லை.

"வா சாமி, ஊட்டுக்குப் போலாம்" என்று கையைப் பிடித்தேன்.

"அவரு இன்னும் உள்ளதான் நிக்கறாரும்மா."

கையை உருவிக்கொண்டு மறுபடியும் கத்தத் தொடங்கினான்.